வெண்ணெய் மஞ்சளாகிவிட்டது

மழை பெய்து எங்கள் காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு (மாடு மேய விட்ட புல்நிலம்) பச்சை பிடித்ததும் அம்மா கடையும் வெண்ணெய் நல்ல மஞ்சளாகிவிட்டது. கோடையில் மாடு காய்ந்த சோளத்தட்டு தின்றபோது வெளுத்துக் கிடந்தது. மாடு அதே மாடுதான். பச்சைப் புல்லில் உள்ள பீட்டா கரோட்டின் என்ற நிறமிதான் அந்த நிறம். நம் உடல் அதை வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்ளும்.

2016-இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகம் தலைமையில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இயற்கை முறைப் பாலில் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு சாதாரணப் பாலைவிட ஏறத்தாழ 50 சதவீதம் அதிகம். முக்கியக் காரணம் மேய்ச்சல்தான். (அயோடின் குறைவு, அதையும் சொல்லிவிடுகிறேன்.)

கொறங்காட்டில் கொழுக்கட்டைப்புல்லோடு பயறுவகைச் செடிகளும் முளைக்கும். அவற்றின் வேர்முடிச்சு மண்ணில் தழைச்சத்து சேர்க்கும், சாணம் அதே மண்ணில் விழும், மேலே வெள்வேல மர நிழல். அப்படிப்பட்ட நிலத்தை மனையாக்கக் கல் நடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.