நைனாவின் ஃபியட்: பெட்ரோல் பம்ப் வேலை முடிந்தது

எஞ்சினில் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தபோது ஆயில் மட்டம் ஏறியிருந்தது. குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம், தானாக ஏறினால்தான் பயப்பட வேண்டும். இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தேன். நல்லெண்ணெய் பதத்தில் இருக்க வேண்டியது மண்ணெண்ணெயாக வழிந்தது. மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் நெடி.

வண்டி 1982 மாடல் பிரீமியர் பத்மினி. 1991-ல் நைனா செகண்ட் ஹேண்டில் வாங்கினார். வீட்டில் யாரும் அதைப் பத்மினி என்று சொன்னதில்லை, ஃபியட்தான். 1089 சிசி எஞ்சின், ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர். கடைசிப் பதினோரு வருஷம் ராயபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. காசிமேட்டுக் கடல் காற்று சும்மா விடுமா? டிரைவர் பக்க ஃப்ளோர் மேட்டைத் தூக்கினால் தெரு தெரிந்தது. மறுபடி ஓட வைக்க வேலை ஆரம்பித்ததில் முதல் மூன்று மாதமும் டிங்கரிங்கிலேயே போயின. பட்டி பூசி மூடிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். துருமேல் பூசிய பட்டி அடுத்த மழைக்கே உப்பிக்கொண்டு வரும். அதனால் கெட்டுப்போன இடத்தை வெட்டிவிட்டுப் புதுத் தகடு வைத்தே வெல்டிங் அடித்தோம்.

நாலாவது மாதம்தான் இந்த ஆயில் பிரச்சினை. வண்ணாரப்பேட்டை மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டேன். எழுபது வயதுக்கு மேல் ஆகிறது, காது மட்டும் கொஞ்சம் மந்தம். "ஏ.சி. பம்ப்புல டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கும்பா. ஸ்டார்ட் பண்ணாத. ஆயில் மொத்தத்தையும் எறக்கிடு" என்றார். ஏ.சி. பம்ப் என்றால் பெட்ரோல் பம்ப்தான், குளிர்சாதனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கேம் ஷாஃப்ட் ஒரு லிவரைத் தட்டும், லிவர் டயாஃப்ரம் என்கிற ரப்பர் சவ்வை இழுக்கும், டேங்கிலிருந்து பெட்ரோல் ஏறிவரும். டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் கீழே எஞ்சின் ஆயிலிலேயே இறங்கிவிடும். அப்படியே ஓட்டினால் பேரிங் போய்விடும்.

கழற்றும் முன் பம்பின் மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் குறுக்காக அரத்தால் ஒரு கோடு கிழித்துக்கொண்டேன், திரும்ப மாட்டும்போது திசை மாறாமல் இருக்க. உள்ளே டயாஃப்ரம் நமுத்த அப்பளம்போல ஓரமெல்லாம் நெளிந்து கிடந்தது. நடுவில் நகக்கண் அளவுக்குக் கிழிசல். பழைய ரப்பருக்கு இன்றைய பெட்ரோல் ஒத்துக்கொள்வதில்லை. இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-ல் சில பங்க்குகளில் ஆரம்பித்து இப்போது எங்கும் வந்துவிட்டது. எத்தனால் பழைய ரப்பரை ஊத வைக்கும், காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். கடலோரத்தில் ஓட்டாமல் நிறுத்திவைக்கும் வண்டிக்கு இரண்டுமே ஆகாது.

புதுப்பேட்டையில் மூன்றாவது கடையில் பம்ப் கிட் கிடைத்தது. டியூப்களை எத்தனால் தாங்கும் வைட்டான் ரப்பருக்கே மாற்றிவிட்டேன், விலை அதிகம்தான். முதல் தடவை மாட்டியதில் பெட்ரோல் ஏறவே இல்லை. டயாஃப்ரத்தை விறைப்பாக வைத்து ஸ்க்ரூ முறுக்கிவிட்டேன் என்று அண்ணன் சொன்ன பிறகுதான் புரிந்தது. லிவரை முழுக்க அழுத்திப் பிடித்துக்கொண்டே முறுக்க வேண்டும். அப்புறம் பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டர். எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் அதே ஜெட்டில், அதாவது பெட்ரோல் வரும் அதே துளையில், பெட்ரோல் போதாமல் போகும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் வெள்ளை வெளேரென்று இருந்தது, பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றியதும் இளம் பழுப்புக்கு வந்தது. அந்த நிறத்தைப் பார்த்தபோது வந்த நிம்மதி சாதாரணமானதில்லை.

அக்கா பையன் போன வருஷம் எலெக்ட்ரிக் கார் வாங்கினான். பானெட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் மூடி, நடுவே தடித்த ஆரஞ்சு வயர்கள். "மாமா, ஆரஞ்சு வயர்ல கைவெக்காதீங்க, ஹை வோல்டேஜ்" என்றான். ஓட்டவும் கொடுத்தான். சத்தமில்லை, புகையில்லை. மணலிக்கும் எண்ணூருக்கும் நடுவில் ஃபேக்டரிப் புகையில் மூச்சு விடுகிற நமக்கு இப்படிப்பட்ட வண்டிகள் எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ அவ்வளவு நல்லது, அதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. ஆனால் பேட்டரிக்கு எட்டு வருஷம் வாரண்டி என்கிறார்கள். என் ஃபியட்டுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. இன்றும் அது உயிரோடு இருப்பதற்குக் காரணம் புதுப்பேட்டையில் ஒரு ரப்பர் வட்டம் கிடைத்ததும், அதை எப்படி மாட்டுவது என்று சொல்ல ஓர் ஆள் இருந்ததும்தான். அவன் காருக்கும் அப்படித் தெருமுனையில் சரிசெய்ய வழி இருக்க வேண்டும். பேட்டரி செல் மாற்றுகிற வேலையை நம் பையன்களுக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும், சர்க்யூட் படத்தைப் பூட்டி வைக்கக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நைனாவை உட்காரவைத்து எண்ணூர் வரை ஓட்டினேன். அவர் 1969-லிருந்து அங்கே லாரி ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். அந்தக் கம்பெனி 1948-ல் ஆஸ்டின் கார் பூட்டவே தொடங்கப்பட்டது, லாரியெல்லாம் அப்புறம்தான். காமராஜர் துறைமுகத்துக்குப் புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு டிரெய்லர்கள் வரிசையாகப் போயின. ஒரு டிரெய்லரை முந்துவதற்காக மூன்றாவது கியருக்குப் போட்டேன். நைனாவின் இடது கால் தானாக கிளட்ச் மிதித்தது, அவர் பக்கத்தில் கிளட்ச்சே இல்லை.

திரும்பி வந்ததும் ஆயில் குச்சியைப் பார்த்தேன். மட்டம் ஏறவில்லை, நெடியும் இல்லை. கியர் லிவரையும் கியர்பாக்ஸையும் இணைக்கிற லிங்க்கேஜில் புஷ் தேய்ந்திருக்கிறது, இரண்டாவது கியரிலிருந்து முதலாவதுக்கு வரும்போது மாட்டிக்கொள்கிறது. அடுத்த மாதம் அதுதான் வேலை.