சிப்பிங் கிளெக்ஹார்னில் மீண்டும்: ஒரு மறுவாசிப்பு நாட்குறிப்பு

அக்டோபர் 29

அகதா கிறிஸ்டியின் ‘எ மர்டர் இஸ் அனவுன்ஸ்ட்’, 1950-இல் வந்த, மிஸ் மார்ப்பிள் என்ற வயதான பெண்மணி துப்பறியும் நாவல். மறுபடி தொடங்க இன்றைய தேதியைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. ‘அக்டோபர் 29, வெள்ளிக்கிழமை, மாலை 6.30, லிட்டில் பேடக்ஸ் வீட்டில் கொலை நடக்கும்’ என்று சிப்பிங் கிளெக்ஹார்ன் கிராமத்தின் உள்ளூர் பத்திரிகையான கெஜட்டில் விளம்பரம் வருவதோடுதான் கதை ஆரம்பம். நாட்காட்டியைப் பார்த்தால் 1948-இல் அந்தத் தேதி வெள்ளிக்கிழமைதான். கதையில் தெரியும் ரேஷன் வாழ்க்கைக்கும் அந்த ஆண்டு ஒத்துப்போகிறது.

இன்னும் படிக்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். கொலையாளி யார் என்று தெரிந்த கண்ணோடு எழுதும் குறிப்புகள் இவை.

முதல் அத்தியாயத்தில் பேப்பர் போடும் பையன் சைக்கிளில் ஊரைச் சுற்றுகிறான். மிஸஸ் ஸ்வெட்டன்ஹாம் வீட்டில் ‘டைம்ஸ்’, கூடவே மகன் எட்மண்டுக்காகக் கம்யூனிஸ்ட் நாளேடான ‘டெய்லி வொர்க்கர்’. இப்படி வீட்டுக்கு வீடு பத்திரிகை மாறுகிறது, ஆனால் வெள்ளிக்கிழமை கெஜட் மட்டும் எல்லார் வீட்டிலும் விழுகிறது. யார் வீட்டில் என்ன பேப்பர் என்பதை வைத்தே அந்தக் குடும்பத்தின் அரசியல், வருமானம், வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் சில பக்கங்களில் சொல்லிவிடுகிறார். பாத்திர அறிமுகத்துக்கு இதைவிடச் சிக்கனமான வழியை நான் படித்ததில்லை.

அக்டோபர் 31

மாலை ஆறரைக்கு ஊரே லிட்டில் பேடக்ஸில் கூடுகிறது. வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒரே விஷயத்தைக் கவனிக்கிறார்கள்: ‘அதற்குள் சென்ட்ரல் ஹீட்டிங் போட்டாச்சா?’ பாய்லரின் சூட்டை வீடு முழுக்கக் கொண்டுபோகும் ஏற்பாடு அது. முதல் வாசிப்பில் இந்தக் கேள்வி வெறும் உபசாரப் பேச்சு. விடை தெரிந்து படித்தால் இதுதான் ஆகப் பெரிய தடயம்.

பிரிட்டனில் வீட்டு உபயோக நிலக்கரிக்கு 1958 வரை ரேஷன் இருந்தது. எரிபொருளை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் காலத்தில், அக்டோபரிலேயே பாய்லரை மூட்டுவது ஊதாரித்தனம். கணப்பில் நெருப்பு போட்டால் போதும். ஆனால் நெருப்பு எரிந்தால் விளக்கு அணைந்த பிறகும் அறையில் வெளிச்சம் இருக்கும், யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அறை கும்மிருட்டாக வேண்டும், ஆனால் விருந்தாளிகள் குளிரில் நடுங்கவும் கூடாது. இரண்டுக்கும் ஒரே வழி பாய்லர்தான். அதை மூட்டச் சொல்லக்கூடியவர் வீட்டுக்காரி லெட்டிஷியா பிளாக்லாக் மட்டுமே.

நவம்பர் 1

விளக்கு அணைந்த விதம். மேசையில் ஒரு பீங்கான் விளக்கு. ஜோடியாக வாங்கியது: ஒன்றில் இடையன், மற்றொன்றில் இடைச்சி. அன்றிரவு மேசையில் இருந்தது இடைச்சி, மறுநாள் இருந்தது இடையன் என்று பிளாக்லாக்கின் வீட்டிலேயே வாழும் பழைய தோழி டோரா பன்னர் சொல்கிறார். எல்லாவற்றையும் குழப்பிப் பேசுபவர் என்று பெயர் வாங்கிய டோரா சொல்வதால் போலீஸ் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

நடந்தது இது. விளக்கு வயரின் மேலுறை முன்கூட்டியே பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. மேசையில் வயலட் பூக்கள் வைத்த குவளை. கடிகாரம் ஆறரை அடிக்கும்போது குவளைத் தண்ணீர் அந்த இடத்தில் ஊற்றப்படுகிறது, ஷார்ட் சர்க்யூட் ஆகி ஃபியூஸ் போகிறது. மிச்சமான தடயங்கள் மூன்று: தண்ணீரில்லாமல் வாடிய பூ, மேசையில் ஒரு தீய்ந்த தழும்பு, மறுநாள் மாறியிருந்த விளக்கு. தழும்பை யாரோ சிகரெட்டால் சுட்டது என்று எல்லாரும் நினைத்துவிடுகிறார்கள்.

மின்சாரம் தெரிந்தவர்களுக்கு ஒரு கேள்வி எழும்: கொஞ்சம் தண்ணீரால் ஃபியூஸ் போகுமா? நல்ல வயர் என்றால் போகாது. இரண்டு கம்பிகளும் உறையில்லாமல் ஒட்டினாற்போல் கிடந்தால்தான் போகும். அந்தக் கால வயரில் ரப்பருக்கு மேல் நூல் பின்னல் இருக்கும். பிய்த்துவிட்டால் அது தண்ணீரை உறிஞ்சி இரு கம்பிகளுக்கும் நடுவே பிடித்து வைத்துக்கொள்ளும். ஆக, முன்கூட்டியே வயரைப் பிய்த்து வைத்ததுதான் இதில் முக்கியமான வேலை. தண்ணீர் விசையைத் தட்டுவது மாதிரிதான். மார்ப்பிளுக்கு இது பிடிபடுவது பாதிரியார் வீட்டில், பழைய வயரைப் பிறாண்டும் டிக்லத் பிலேசர் என்ற பூனையின் தயவால்.

நவம்பர் 3

டார்ச்சுடன் வருபவன் ரூடி ஷெர்ட்ஸ், ஹோட்டலில் வேலை பார்க்கும் சுவிஸ் இளைஞன். கதவு திறக்கிறது, வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, இரண்டு குண்டுகள், பிறகு மூன்றாவது. ஷெர்ட்ஸ் செத்துக் கிடக்கிறான். பிளாக்லாக்கின் காதில் ரத்தம்.

அந்த வரவேற்பறை இரண்டு அறைகளை ஒன்றாக்கியது, ஆகவே இரண்டு கதவுகள். இரண்டாவது கதவு புழக்கத்தில் இல்லை என்று எல்லாரும் நம்புகிறார்கள், ஆனால் அதன் கீலில் புதிதாக எண்ணெய் போட்டிருப்பதை இன்ஸ்பெக்டர் கிராடக் கண்டுபிடிக்கிறார். இருட்டில் அந்த வழியாக வெளியேறி, ஷெர்ட்ஸின் முதுகுப் பக்கம் வந்து, தான் நின்றிருந்த சுவரைப் பார்த்து இரண்டு முறை சுட்டு, மூன்றாவதை அவனுக்கு வைத்துவிட்டுத் திரும்புகிறார் பிளாக்லாக். காது மடலில் கத்தரிக்கோலால் ஒரு சின்ன வெட்டு. அந்த இடத்தில் லேசாகக் கீறினாலே ரத்தம் நிற்காமல் வரும்.

டார்ச் ஒளி முகத்தில் பட்டவர்களால் எதையும் பார்க்க முடியாது. திறந்த கதவுக்குப் பின்னால் ஒடுங்கி நின்ற மிஸ் மர்கட்ராய்டுக்கு மட்டும் அது அறையைக் காட்டும் வெளிச்சம். அவர் யாரைப் பார்த்தார் என்பதைவிட யாரைப் பார்க்கவில்லை என்பதே விடை. தோழி ஹிஞ்ச்கிளிஃப் கார் கிளப்பும் நேரத்தில் அது அவருக்கு நினைவு வருகிறது, அதுவே அவர் உயிரைக் குடிக்கிறது. கிறிஸ்டி எழுதிய மரணங்களில் என்னை மிகவும் பாதிப்பது இது. துணிகளைக் கொடியிலிருந்து எடுக்கப் போன பெண், ஹிஞ்ச்கிளிஃப் திரும்பும்போது இல்லை.

நவம்பர் 6

நாவலின் உயிர்நாடி மார்ப்பிளும் கிராடக்கும் பேசும் இடம். போருக்கு முன் ஒரு கிராமத்துக்குப் புதிதாக யாராவது வந்தால், அவரைத் தெரிந்த இன்னொருவர் கடிதம் எழுதி அறிமுகப்படுத்துவார். இப்போது யாரும் வருகிறார்கள், வீடு வாங்குகிறார்கள், தாங்கள் யாரென்று தாங்களே சொல்கிறார்கள், ஊர் நம்புகிறது. 1939 முதல் 1952 வரை பிரிட்டனில் அடையாள அட்டை இருந்தது, ஆனால் மக்கள் கையிலிருந்த சாதாரண அட்டையில் புகைப்படம் கிடையாது. ரேஷன் புத்தகத்தின் கதையும் அதுவே.

லெட்டிஷியா சுவிட்சர்லாந்தில் நிமோனியாவில் இறந்துபோனார். தங்கை ஷார்லட் அக்காவின் பெயரோடு இங்கிலாந்து திரும்பி லிட்டில் பேடக்ஸில் குடியேறினார். அவ்வளவுதான் மோசடி. ராண்டல் கோட்லர் என்ற பணக்காரரின் மனைவி பெல் இறக்கும்போது லெட்டிஷியா உயிரோடு இருந்தால் சொத்து முழுதும் லெட்டிஷியாவுக்கு. அதனால் ‘பிளாக்லாக்கைக் கொல்ல யாருக்கு ஆசை?’ என்று நாம் தேடிக்கொண்டே இருக்கிறோம். அவரை யாருமே கொல்ல முயலவில்லை என்ற யோசனை கடைசிவரை வருவதில்லை.

நவம்பர் 7

முத்துமாலை. கழுத்தை இறுக்கிப் பிடிக்கும் மூன்று சர மாலையை அவர் கழற்றுவதே இல்லை. அறுந்து விழும்போது பதறிக் கழுத்தைப் பொத்திக்கொண்டு வெளியேறுகிறார். முத்து விலை உயர்ந்ததா என்று வாசகர் யோசிக்கிறார். மறைந்திருப்பது அறுவை சிகிச்சைத் தழும்பு. ஷார்லட்டுக்கு இளவயதிலிருந்து முன்கழுத்துக் கழலை, டாக்டரான அப்பா அறுவை சிகிச்சைக்குச் சம்மதிக்கவில்லை.

சுவிட்சர்லாந்தைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் அல்ல. அயோடின் குறைந்த மலை நிலம், கழலை மலிந்த நாடு. பெர்ன் நகரின் தியோடர் கோஹர் தைராய்டு ஆய்வுக்காக 1909-இல் நோபல் பரிசு பெற்றவர். 1922-இல் அங்கே உப்பில் அயோடின் சேர்க்கத் தொடங்கினார்கள். மார்ப்பிள் எழுதி வைக்கும் பட்டியலில் ‘அயோடின்’, ‘பெர்ன்’, ‘முத்து’ மூன்றும் இருக்கின்றன. ஷெர்ட்ஸ் ஏன் சாக வேண்டியிருந்தது என்பதும் இங்கே விளங்குகிறது: ஷார்லட்டுக்குக் கழலை அறுவை சிகிச்சை நடந்த சுவிஸ் மருத்துவமனையில் வேலை பார்த்தவன், அவர் முகம் அறிந்தவன்.

நவம்பர் 9

டோராவின் பிறந்தநாள் கேக். அகதியாக வந்த சமையல்காரி மிட்சி செய்வது, அந்த வீட்டில் தங்கியிருக்கும் இளைஞன் பேட்ரிக் அதற்கு வைக்கும் பெயர் ‘டெலிஷியஸ் டெத்’. சாக்லேட், வெண்ணெய், சர்க்கரை, உலர்திராட்சை. பிரிட்டனில் சர்க்கரை ரேஷன் முடிந்தது 1953-இல், வெண்ணெய்க்கு 1954-இல். அப்படிப்பட்ட நாளில் இந்தக் கேக் எவ்வளவு பெரிய செலவு என்று தெரிந்தால்தான் காட்சியின் குரூரம் உறைக்கும். வயிறு நிறையக் கேக் ஊட்டிய தோழிதான், அன்றே டோரா விழுங்கப்போகும் விஷ மாத்திரையையும் ஆஸ்பிரின் பாட்டிலில் வைத்தவள். டோரா செய்த குற்றம், வாய்தவறி ‘லெட்டி’ என்பதற்குப் பதில் ‘லாட்டி’ என்று கூப்பிட்டது. அச்சில் இரண்டுக்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம். அந்த உரையாடல்களை மெதுவாகப் படியுங்கள், ‘லாட்டி’ கண்ணெதிரே நிற்கிறது.

நவம்பர் 10

குறைகள். பெல்லுக்கு முன் லெட்டிஷியா இறந்தால் சொத்து போய்ச் சேரும் பிப், எம்மா என்ற வாரிசுகளைத் தேடும் இழை ஓவர். ஒரே வீட்டுக்குள் இத்தனை ஆள்மாறாட்டம் தாங்காது. அலமாரிக்குள் ஒளிந்து டோராவின் குரலில் மார்ப்பிள் பேசி வாக்குமூலம் வாங்குவதும் நாடகத்தனம். ஷார்லட்டுக்கு எதிராக நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய சாட்சி எதுவும் மார்ப்பிளிடம் இல்லை, பார்த்த ஒரே ஆள் மர்கட்ராய்டு இறந்துவிட்டார். அதனால் பொறி வைப்பதைத் தவிர ஆசிரியருக்கு வழியில்லை. ஆனால் அந்தப் பொறியில் உயிரைப் பணயம் வைப்பவள் மிட்சி. ‘இவள் எப்போதும் பொய்தான் சொல்வாள்’ என்று நாவல் முழுக்க எல்லாரும் கேலி செய்த அகதிப் பெண். சமையலறைத் தொட்டித் தண்ணீரில் அவள் தலையை ஷார்லட் அழுத்தும்போது போலீஸ் அங்கே இருக்கிறது. ஆனாலும், நடக்கப்போவது என்னவென்று தெரிந்தே தைரியமாக உள்ளே போனவள் அவள்.