சார்ஜ் ஏறாத டொல்பின் வான்

நவம்பர் 4, செவ்வாய்

பருத்தித்துறையில இருந்து ஹயர் ஓடுற அண்ணை ஒராள் டொல்பினோட வந்தார், புதுப் பற்றரி போட்டு ஒரு கிழமையும் ஆகேல்லயாம் விடிய ஸ்ராட் வருகுதில்லையாம், பற்றரி வித்தவனோட சண்டை பிடிக்கத்தான் வெளிக்கிட்டவர். மீற்றரை வச்சன், எஞ்சின் நிப்பாட்டினபடி பற்றரியில 12.2 வோல்ற். நல்லா ஏறின பற்றரி எண்டா 12.6 காட்டோணும். ஸ்ராட் பண்ணி லைற், ஏசி எல்லாம் போட்டுப் பாத்தா 13.1 தான், 14க்குக் கிட்ட நிக்க வேண்டியது. எஞ்சின் சுழலேக்க கறண்ட் எடுத்துப் பற்றரியை ஏத்துற அல்ரனேற்றரின்ர பெல்ற்றும் நல்ல இறுக்கம்.

"அப்ப அல்ரனேற்றர் போட்டுதோ தம்பி?"

"பொறுங்கோ அண்ணை."

மீற்றர் முனையை அல்ரனேற்றருக்குப் பின்னால தடிச்ச வயர் பூட்டுற போல்ற்றில வச்சா 14.3! அது தன்ர வேலையைச் செய்யுது, வாறது பற்றரிக்குப் போய்ச் சேருதில்லை. 0.2, 0.3 குறைஞ்சா பறவாயில்லை, இஞ்ச 1.2 வோல்ற் நடுவழியில போகுது.

நவம்பர் 5, புதன்

போயா லீவுதான், எண்டாலும் அவருக்கு நாளைக்குக் கொழும்பு ஹயர். வயரைக் கழட்டினா அதின்ர முனையில இருக்கிற லக் பச்சை பூத்துக் கிடக்கு, கடற்கரைக் காத்து லேசுப்பட்டதே, உறையை உரிச்சா உள்ளுக்குக் கம்பியும் கறுத்துப் போச்சு. புது வயர் இழுத்து ஏர்த் பூட்டுற இடத்தையும் சுரண்டி விட்டன். இப்ப எல்லா லோட்டும் போட்டு பற்றரியில 14.1.

சார்ஜ் வருகுதோ எண்டு பாக்க, எஞ்சின் ஓடேக்க பற்றரி ரேமினலைக் கழட்டச் சொல்லி ஆரோ இவருக்குச் சொல்லியிருக்கினம். அது மொறிஸ் மைனர், ஏ40 மாதிரிப் பழைய காருகள் ஓடின காலத்துப் பழக்கம், அதுகளில அல்ரனேற்றருக்குப் பதிலா டைனமோ. அல்ரனேற்றரில அப்பிடிச் செய்தா வோல்ற் ஒருக்கா எகிறி, கறண்டை ஒரு பக்கம் மட்டும் விடுற டயோட், வோல்ற்றைக் கட்டுப்படுத்துற றெகுலேற்றர், கொம்பியூட்டர் பொக்ஸ் எல்லாத்தையும் அடிச்சுப்போடும். நல்லகாலம் செய்யேல்ல.

நவம்பர் 8, சனி

மானிப்பாய்க் கார் ஒண்டு இதுக்கு நேர்மாறு. ஓடேக்க 14.2, ஒரு குறையுமில்லை, ஆனா இரவு நிண்டா விடியப் பற்றரி செத்துப்போகும். நேற்று இஞ்சயே விட்டிட்டுப் போகச் சொன்னன். விடிய எஞ்சின் பச்சைத்தண்ணி மாதிரிக் குளிர், அல்ரனேற்றரைத் தொட்டா மட்டும் இளஞ்சூடு. டயோட் லீக், இரவிரவா பற்றரிக் கறண்ட் பின்பக்கமா அதுக்குள்ள ஓடியிருக்கு. மீற்றரை ஏசி வோல்ற் அளக்கிற பக்கத்துக்கு மாத்தி, எஞ்சினை ஓடவிட்டுப் பாத்தன், அரை வோல்ற்றுக்கு மேல ஆடுது, அதோட சந்தேகம் தீர்ந்துது.

முழு அல்ரனேற்றரும் வாங்கத் தேவையில்லை, டயோட் பிளேற் மாத்தினாப் போதும். கழட்டின கையோட, உள்ளுக்குச் சுழலுற பகுதிக்குக் கறண்ட் குடுக்கிற காபன் பிறஸ்சும் பாத்தன், அதுவும் தேஞ்சுபோச்சு. ரெண்டுக்கும் சொல்லி விட்டிருக்கு, திங்கள் வருமாம்.