தொண்டிக் காற்றில் தேவகோட்டைக்கு

பங்குனி மாதம். பூம்புகாரில் கிளம்பி கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ராமேஸ்வரம் வரை போகும் சைக்கிள் பயணம். கூட வந்த நண்பருக்குச் சொந்த ஊர் தேவகோட்டை. அவருடைய அப்பத்தாவைப் பார்க்காமல் தாண்டிப் போக முடியாது என்று சொல்லிவிட்டார். அதனால் அந்த நாளுக்கு, வழியில் உள்ள மீமிசலில் கிளம்பி, தொண்டி வரை கடலோரமாக இறங்கி, அங்கிருந்து திருவாடானை வழியாகச் செட்டிநாட்டுக்குள் போவது என்று முடிவானது. எல்லாம் சேர்த்து 70 கிலோமீட்டர் பக்கம் வரும். தூரம் பெரிதில்லை. இந்தக் கரையில் கணக்குப் போட வேண்டியது காற்றைத்தான்.

விடியற்காலையில் இங்கே காற்றே இருக்காது. இருந்தாலும் குளிர்ந்த நிலத்திலிருந்து கடல் பக்கம் போகிற மெல்லிய காற்றாக இருக்கும். ஒன்பது பத்து மணிக்கு நிலம் சூடேறியதும் எல்லாம் திரும்பிவிடும். சூடான காற்று மேலே எழும்ப, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து காற்று புகுந்து வரும். பங்குனி, சித்திரையில் அது தென்கிழக்கிலிருந்து வீசும். மீமிசல்–தொண்டி சாலையோ தென்மேற்காகப் போகிறது. அப்படியானால் காற்று இடப்பக்கம் அறையும். காலையிலேயே தொண்டியைப் பிடித்துவிட்டால் தப்பிக்கலாம்.

ஆனால் வழியில் திருப்புனவாசல் இருக்கிறது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். காற்றில் மாட்டினாலும் சரி, அந்த லிங்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் போவது என்று சாலையை விட்டு விலகினோம். ‘மூன்று முழமும் ஒரு சுற்று, முப்பது முழமும் ஒரு சுற்று’ என்று ஊரில் சொல்வார்கள். லிங்கத்துக்கு மூன்று முழத் துணி, கீழே உள்ள ஆவுடையாருக்கு முப்பது முழம். எதிரே நின்று பார்க்கும்போதுதான் அந்த அளவு மனதில் ஏறுகிறது.

திரும்பச் சாலைக்கு வந்தபோது காற்று வந்துவிட்டது. எஸ்.பி.பட்டினம் தாண்டியதும் நன்றாகவே பிடித்துக்கொண்டது. எதிர்காற்று என்றால் கியரைக் குறைத்து, குனிந்து, பொறுமையாக மிதித்துக்கொண்டே இருக்கலாம். பக்கக்காற்று அப்படி விடாது. பின்சக்கரத்தின் இருபுறமும் தொங்கும் பைகளில் அது முட்டுகிறது. வண்டியை இடப்பக்கம் லேசாகச் சாய்த்தே ஓட்ட வேண்டும். சாலையோரத்துச் சீமைக் கருவேலம் அடர்த்தியாக வந்தால் காற்று சட்டென்று நின்றுபோகும், சாய்ந்திருந்த வண்டி மண்ணுக்கு இறங்கப் பார்க்கும். வேலி முடிந்ததும் மறுபடி ஒரு தள்ளு. முன்னால் போகிறவர் மறைவில் போகலாம் என்றால், இடமிருந்து வரும் காற்றுக்கு மறைவு அவருக்கு வலப்பின்னால்தான் கிடைக்கும். அது நடுச்சாலை, பின்னால் பஸ் வருகிறது. ஆகவே ஒருவர் பின் ஒருவராக, ஆளுக்கு உள்ள காற்றை ஆளே வாங்கிக்கொண்டு போனோம்.

தொண்டிக் கரையில் ஒரு பெரியவர் வலையிலிருந்து நீலக்கால் நண்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். கொடுக்கைப் பின்னாலிருந்து பிடித்து, காலில் சுற்றிய வலை நரம்பை விரல் நுனியால் தள்ளி, ஒரு கால்கூட ஒடியாமல் எடுத்துவிடுகிறார். ஒடிந்தால் விலை போகாதாம். எங்கள் வண்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கடக்காத்து ஏறிருச்சு தம்பி. இனி பொழுது சாயற வரைக்கும் இறங்காது. எந்தப் பக்கம் போறீங்க?” தேவகோட்டை என்றோம். “அப்ப ஒங்களுக்கு நல்லதுதான்.”

பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். அடியில் கடற்புல் மேய்ச்சல் நிலமாகக் கிடக்கிறது. கடல்பசு அதைத்தான் தின்று வாழ்கிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடலை 2022-இல் தமிழக அரசு கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நல்ல காரியம். அந்தக் கடல் தெளிவாக இருக்கிற வரைக்கும்தான் பெரியவர் வலையில் நண்டும் விழும்.

பெரியவர் சொன்னது சரி. வடமேற்கே திரும்பியதும் காலையெல்லாம் அறைந்த காற்று முதுகுக்கு வந்துவிட்டது. காதில் இரைச்சல் நின்றது. நண்பரோடு பேசிக்கொண்டே போக முடிந்தது. பனைமரங்கள், வற்றிய கண்மாய்கள், வெகு தூரத்திலேயே தெரிந்த திருவாடானைக் கோபுரம். முழு வெயிலில் இவ்வளவு லேசாக நான் சைக்கிள் ஓட்டியதில்லை. கடலை விட்டு விலக விலகக் காற்று தணிந்தது, ஆனால் தேவகோட்டை வரை விட்டுப் போகவில்லை.

“வாங்க தம்பி, வெயில்லயா வந்தீக? கைகால் கழுவிட்டு வளவுல உக்காருங்க” என்றார் ஆச்சி, நண்பரின் அப்பத்தா. முகப்பில் நின்று பார்த்தால் வாசலுக்கு நேர் வாசலாகப் பின்கட்டுக் கதவு வரை தெரிகிறது. வளவு திறந்த முற்றம். சூடு மேலே போய்விடுகிறது, வாசல் வழியாகக் காற்று உள்ளே ஓடுகிறது. மின்விசிறி போடவே இல்லை. காவிரிப்பூம்பட்டினத்தில், அதாவது பூம்புகாரில், கடல் பொங்கியதால் தாங்கள் இங்கே வந்தவர்கள் என்பது செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் வழிவழியாகச் சொல்லி வருவது. வீட்டை இவ்வளவு உயர மேடையில் கட்டுவதும் அந்த நினைவில்தான் என்பார்கள். பூம்புகாரிலிருந்து மிதித்து வந்த எங்களுக்கு அந்தப் படிகளில் ஏறும்போது அது வெறும் கதையாகத் தோன்றவில்லை.

அப்புறம் வெள்ளைப் பணியாரம். மாவை ஒரு கரண்டி எண்ணெயில் ஊற்றினார். அடியில் போய் விரிந்து, ஓரம் சுருக்கமாக மேலே எழும்பியது. நிறம் மாறுவதற்குள் திருப்பி எடுத்துவிட்டார். ஒன்று வெந்த பிறகுதான் அடுத்தது. மிளகாய்த் துவையலோடு சாப்பிட்டோம்.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்கு: ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். வடக்கேயிருந்து தெற்கே இறங்க அது உதவும், மழையும் கூடவே வரும். மாசி, பங்குனி என்றால் கரையோரத்தைப் பத்து மணிக்குள் முடியுங்கள். மதியத்துக்கு மேல் கடலுக்கு முதுகைக் காட்டிச் செட்டிநாட்டுப் பக்கம் திரும்புங்கள். கருவேல முள்ளுக்கு மாற்று டியூப் கட்டாயம் வேண்டும்.