ஹைனேயைத் தைக்கிறேன்: 20 ஃபாரமும் ஒரு துண்டுத்தாளும்

புத்தகம் கட்டுகிறவர்களுக்கு ஃபாரக் கணக்கு அத்துப்படி. ஒரு பெரிய தாளை மூன்று முறை மடித்தால் 16 பக்கம், ஒரு ஃபாரம். ஒரு காலத்தில் ஜெர்மனியின் தணிக்கையே இந்தக் கணக்கில்தான் நடந்தது. ஜெர்மானிய அரசுகளின் கூட்டாட்சி 1819இல் போட்ட கார்ல்ஸ்பாட் தீர்மானங்கள்படி, 20 ஃபாரத்துக்குள் அடங்கும் எதையும் அச்சிடும் முன்பே தணிக்கை அதிகாரியிடம் காட்டியாக வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் முன்தணிக்கை கிடையாது. தடித்த புத்தகத்துக்கு விலை கூடும், சாமானியர் வாங்க மாட்டார்கள், கலகமும் வராது என்ற நினைப்பு.

இந்தச் சட்டத்தோடு மல்லுக்கட்டிய கவிஞர் ஹைன்ரிஷ் ஹைனே. 1797இல் டுசல்டார்ஃபில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சட்டம் படித்தார், 1825இல் கிறிஸ்தவரானார், 1831இல் பாரிஸுக்குப் போனவர் கடைசிவரை அங்கேயே வாழ்ந்தார். அவரை எத்தனையோ பேர் படித்திருப்பார்கள். எனக்கு அந்த 20 ஃபாரத்தைக் கையில் பிடித்துப் பார்க்கும் ஆசை.

முதலில் வெற்றுத்தாளிலேயே ஒரு மாதிரி செய்தேன். 80 ஜிஎஸ்எம் ஏ3 தாள்கள் இருபது. மடித்து, கரண்டியின் முதுகால் தேய்த்து, மெழுகு தடவிய நூலால் தைத்தேன். 320 பக்கம், கனம் ஒன்றரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. சட்டைப்பையில் செருக முடியாது, அவ்வளவுதான். இந்த ஒன்றரை சென்டிமீட்டரை நம்பி ஒரு கூட்டாட்சியே நிம்மதியாகத் தூங்கியிருக்கிறது!

அப்புறம் 'ஜெர்மனி: ஒரு குளிர்காலக் கதை'. பாரிஸுக்குப் போய் 12 வருடம் கழித்து, 1843இன் கடைசியில், ஹைனே ஜெர்மனிக்குப் போய்வந்து எழுதிய நெடுங்கவிதை. 27 அத்தியாயம். எல்லையில், ஜெர்மானிய அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் சுங்கக்காரர்கள் பெட்டியைக் குடைகிறார்கள், நகையும் தடைசெய்த புத்தகமும் இருக்கிறதா என்று. கடத்தல் சரக்கெல்லாம் என் தலைக்குள் இருக்கிறது, முட்டாள்களே என்கிறார் கவிஞர். பக்கத்தில் நிற்கும் பயணி, ஜெர்மானிய அரசுகளின் பொதுச் சுங்க ஒன்றியம் நாட்டுக்கு வெளி ஒற்றுமை தரும், தணிக்கை உள் ஒற்றுமை தரும் என்று பெருமையாக விளக்குகிறார். பக்கம் அமைக்கும் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்த இடம் இது.

அமைத்து முடித்தால் பத்து ஃபாரம்கூட வரவில்லை. ஹைனேக்கும் ஹம்பர்க் பதிப்பாளர் யூலியுஸ் காம்பேவுக்கும் இருந்த சிக்கல் இதேதான். 1844இல் அதைப் 'புதிய கவிதைகள்' தொகுப்போடு சேர்த்து 20 ஃபாரத்தைத் தாண்ட வைத்தார்கள். தனிப்புத்தகமாக வந்த பதிப்போ தணிக்கைக்குப் போக வேண்டியிருந்ததால், அதில் சில இடங்களை மென்மையாக்கினார்கள். நானும் சேர்த்தே தைக்கிறேன். ஆனால் இத்தனை ஃபாரம் ஏறும்போது நூலின் கனமும் சேர்ந்து முதுகு உப்பிவிடுகிறது, அட்டை சரியாக உட்காராது. மெல்லிய நூலுக்கு மாறியதும் பாதி சரியானது. தைத்ததைக் கட்டைகளுக்கு நடுவே இறுக்கி, முதுகில் பசை தடவியிருக்கிறேன்.

முன்பக்க ஒட்டுத்தாளுக்கு 1827இல் வந்த அவருடைய 'லெ கிராண்ட்' நூலின் 12ஆம் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டேன். 'ஜெர்மானியத் தணிக்கையாளர்கள்' என்று தொடங்கும், பிறகு வரிவரியாக வெறும் கோடுகள், கீழே 'முட்டாள்கள்' என்று ஒரே ஒரு சொல். தணிக்கை வெட்டியது போன்ற வேடம். அச்சுக்கோர்ப்பவருக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது.

தடிமன் தந்திரம் பலித்ததா? அரைகுறையாகத்தான். 1844 அக்டோபரிலேயே பிரஷ்யா அந்தப் புத்தகத்துக்குத் தடை போட்டது, ஆண்டு முடிவதற்குள் எல்லையில் அவரைப் பிடிக்கவும் உத்தரவு வந்தது. இன்னொரு பக்கம், அதே வருடம் ஜூனில் பிரஷ்யாவின் சைலீசியப் பகுதியில் நெசவாளர் கலகம் நடந்ததும் அவர் எழுதிய கவிதைக்குத் தடிமனே தேவைப்படவில்லை. கடவுள், மன்னன், தாய்நாடு மூன்றுக்கும் சாபமிட்டுத் துணி நெய்யும் சில பத்திகள். ஜூலையில் பாரிஸின் 'ஃபோர்வெர்ட்ஸ்' ஏட்டில் வந்து, துண்டறிக்கையாக ஜெர்மனிக்குள் போனது.

அதை ஒற்றைத்தாளில் அடித்து வைத்திருக்கிறேன். தைக்கப் போவதில்லை. பின்னட்டையின் உள்ளே காகிதப் பை ஒட்டி அதில் செருகலாம் என்று திட்டம். அட்டைக்குக் கறுப்பு காலிகோ துணி வாங்க வேண்டும்.