ஃபேஷன் வரலாறு பேப்பர்: ஜீன் ஷ்ரிம்ப்டனை வைத்து நான் படித்த விதம்

ஃபேஷன் டிசைன் படிக்கும் பலரும் வரலாறு பேப்பரை மனப்பாடம் செய்தே கடந்துவிடப் பார்க்கிறார்கள். 1960களின் பிரிட்டன் என்று கேள்வி வந்தால் வடிவமைப்பாளர் மேரி குவான்ட், மினி ஸ்கர்ட், மாடல் ட்விக்கி என்று பெயர்களை அடுக்கிவிட்டு வந்துவிடுகிறார்கள். நான் அந்தப் பகுதி முழுவதையும் ஜீன் ஷ்ரிம்ப்டன் என்ற ஒரே மாடலைப் பிடித்துக்கொண்டு படித்தேன். மற்றவர்கள் அவர் வழியாகவே வந்து சேர்ந்தார்கள்.

வாழ்க்கைக் குறிப்பு நாலு வரி போதும். 1942இல் ஹை வைகம்பில் பிறந்தார். செயலாளர் வேலைக்குப் படித்தவர், 1960இல் லண்டன் லூசி க்ளேட்டன் பள்ளியில் மாடலிங் கற்றார். பிற்காலத்தில் புகழை விட்டு விலகி, கார்ன்வாலின் பென்சான்ஸில் ஒரு ஹோட்டல் நடத்தினார்.

படங்களுக்குத்தான் நிறைய நேரம் ஒதுக்க வேண்டும். 1962இல் பிரிட்டிஷ் வோக் இதழுக்காக டேவிட் பெய்லி அவரை நியூயார்க்கில் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். நெரிசலான தெரு, கையில் ஒரு கரடி பொம்மை. பக்கத்திலேயே 1950களின் ஸ்டுடியோப் படம் ஒன்றை வையுங்கள். அதில் கையுறையும் நிமிர்ந்த கழுத்துமாக ஒரு சீமாட்டி நிற்பார். இங்கே இருப்பவர் தெருவில் நடந்துபோகும் இளம்பெண். அந்த மாற்றத்தை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதிப் பழகினாலே பாதி விடை தயார்.

அடுத்தது மெல்போர்ன். இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1965 அக்டோபர் 30, ஃப்ளெமிங்டன் குதிரைப் பந்தய மைதானம், மெல்போர்ன் கோப்பைப் பந்தயத் திருவிழாவின் முதல் நாளான டெர்பி நாள். ஆர்லான் என்ற செயற்கை இழைக்கு விளம்பரமாகத்தான் ஜீன் அங்கே அழைக்கப்பட்டிருந்தார். உடைகளைத் தைத்த காலின் ரோல்ஃபுக்குத் துணி போதவில்லை. சரி, குட்டையாகவே தைத்துவிடுங்கள் என்றார் ஜீன். விளிம்பு முழங்காலுக்கு மேலே போய் நின்றது. தலையில் தொப்பி இல்லை, கையுறை இல்லை, காலுறையும் இல்லை. மெல்போர்ன் சமூகமே கொதித்தது. மூன்று நாள் கழித்துக் கோப்பைப் பந்தயத்துக்கு அவர் தொப்பி, கையுறை, காலுறை எல்லாம் அணிந்து வந்தார்.

இந்த ஒரு சம்பவத்துக்குள் செயற்கை இழை வணிகம், விளம்பரம், உடை ஒழுங்கு, தலைமுறை மோதல் எல்லாமே இருக்கின்றன. எந்தக் கோணத்தில் கேள்வி வந்தாலும் இங்கிருந்து தொடங்கலாம். குட்டைப் பாவாடையை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். தொப்பியும் கையுறையும் இல்லாததுதான் அங்கிருந்த பலரை அதே அளவு உறுத்தியது.

அப்புறம், மினியை ஜீன் கண்டுபிடித்தார் என்று எழுதிவிட வேண்டாம். லண்டனில் குவான்ட்டும் பாரிஸில் வடிவமைப்பாளர் கூரேஜும் அதற்கு முன்பே விளிம்பை உயர்த்தியிருந்தார்கள். அதை உலகச் செய்தியாக்கியதில்தான் ஜீனின் பங்கு பெரியது. ட்விக்கியோடும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர் 1949இல் பிறந்தவர், 1966இல்தான் புகழ்பெற்றார், தலைமுடி ஒட்ட வெட்டியது. ஜீனுக்கு நீண்ட கூந்தல்.

நேரம் மிஞ்சினால் விடைத்தாளில் அந்த டெர்பி உடையைச் சிறிதாக வரையுங்கள். வெள்ளை, கையில்லாதது, இடுப்பில் வெட்டு இல்லாமல் நேராக இறங்கும். முழங்காலை ஒரு புள்ளிக்கோட்டால் காட்டி, அதற்கு மேலே விளிம்பைக் குறித்துவிடுங்கள்.