மென்டர் யார், கையெழுத்துப் போடுவது யார்? சென்சரி இன்டக்ரேஷன் பயிற்சியில் சேரும் முன் கேட்டுவிடுங்கள்

தொடுதல், அசைவு போன்ற உணர்வுகளைக் குழந்தை ஒழுங்குபடுத்திக்கொள்ள விளையாட்டின் வழியே உதவும் சிகிச்சைதான் சென்சரி இன்டக்ரேஷன். அதில் மென்டருடன் (மூத்த வழிகாட்டியுடன்) கூடிய கிளினிக்கல் பயிற்சியை ஒருவழியாக முடித்துவிட்டேன். சான்றிதழும் கைக்கு வந்துவிட்டது. பெரிய நிம்மதி. ஆனால் முதலில் சேர்ந்த மையத்துக்குக் கட்டிய பணத்தையும் அதற்காகப் போட்ட லீவையும் நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. இந்தப் பயிற்சியில் சேர நினைக்கிற ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி) நண்பர்கள் பலர் விவரம் கேட்கிறார்கள். அவர்களாவது அலையாமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தியரியில் எந்தத் தொல்லையும் இல்லை. இந்தச் சிகிச்சையை உருவாக்கிய ஜீன் ஏயர்ஸ் வகுத்த கோட்பாடு, வெஸ்டிபுலர் (சமநிலை), ப்ரோப்ரியோசெப்டிவ் (மூட்டு, தசை உணர்வு), டாக்டைல் (தொடு உணர்வு) அமைப்புகள், மாடுலேஷன் (உணர்வுகளுக்கு அளவாக எதிர்வினை காட்டுவது), ப்ராக்சிஸ் (அசைவைத் திட்டமிட்டுச் செய்வது) எல்லாம் ஆன்லைன் வகுப்பிலேயே முடிந்தன. தேர்வும் நியாயமாகவே இருந்தது. தொல்லை ஆரம்பித்ததே குழந்தையைத் தொட்டுச் செய்ய வேண்டிய கட்டத்தில்தான்.

அந்த மையத்தின் அறிவிப்பில் 'அனுபவமிக்க மென்டரின் மேற்பார்வையில் பயிற்சி' என்று போட்டு, பெயர் பெற்ற ஒருவருடைய படத்தையும் அச்சிட்டிருந்தார்கள். லீவு போட்டு, பணம் கட்டி, பயணம் செய்து போய்ச் சேர்ந்தால், அவர் வேறு ஊரில் வகுப்பெடுக்கப் போய்விட்டார். எப்போது வருவார் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் எங்களை வரிசையாக உட்கார வைத்தார்கள். உள்ளே அந்த மையத்தின் ஜூனியர் தெரபிஸ்ட்டுகள் வழக்கமான செஷன்களை நடத்தினார்கள். ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. குழந்தை என்ன சொல்கிறது, தெரபிஸ்ட் என்ன பதில் சொல்கிறார், எதுவும் காதில் விழவில்லை. ஒரு செஷன் முடிந்ததும் அடுத்த குழந்தை. ஏன் அந்த ஊஞ்சலை எடுத்தார், ஏன் பாதியில் நிறுத்தினார் என்று கேட்கவோ சொல்லவோ ஆள் கிடையாது.

கடைசி நாளில், பயிற்சி மணிநேரத்தைப் பதியும் லாக்புக்கை நீட்டினேன். 'மேற்பார்வையில் நடத்திய சிகிச்சை' என்ற கட்டத்தை அடித்துவிட்டு 'பார்வையாளர்' என்று எழுதிக் கொடுத்தார் ஒருங்கிணைப்பாளர். அதாவது, நான் எதற்காகப் போனேனோ அந்த மணிநேரத்தில் ஒன்றுகூட என் கணக்கில் ஏறவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "அடுத்த பேட்ச்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றார். அடுத்த பேட்ச் எப்போது என்பதை அவராலும் சொல்ல முடியவில்லை.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் சில விஷயங்களை எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தை போதாது. மென்டர் யார், அவர் வராவிட்டால் பதிலுக்கு யார், ஒரு மென்டருக்கு எத்தனை பேர், நான் நடத்தும் செஷன்களை அவர் நேரிலோ வீடியோவிலோ முழுதாகப் பார்ப்பாரா, கருத்தை எழுதித் தருவாரா, லாக்புக்கில் எந்தத் தலைப்பின் கீழ் யார் கையெழுத்துப் போடுவார். இவற்றுக்கு மழுப்பலான பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம். பக்கத்தில் நின்று பார்ப்பதும் ஒரு பயிற்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மென்டரிங் என்று பெயர் வைத்துக் காசு வாங்குவது அநியாயம்.

இரண்டாவதாகச் சேர்ந்தது, நாம் வேலை செய்யும் இடத்திலேயே செஷன் நடத்தி, வீடியோ அனுப்பி, மென்டருடன் உட்கார்ந்து அலசும் முறை. இங்கே முதல் முட்டுக்கட்டை ஒப்புதல் படிவம். கிளினிக்கில் சேரும்போதே பெற்றோர் கையெழுத்துப் போட்ட படிவம் இருக்கிறதே என்று அதையே அனுப்பச் சொன்னார்கள் எங்கள் அலுவலகத்தில். பயிற்சி நிறுவனம் திருப்பி அனுப்பிவிட்டது. சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் வேறு, வெளியாள் ஒருவர் வீடியோவைப் பார்ப்பதற்கான சம்மதம் வேறு. யார் பார்ப்பார்கள், எதற்காக, எங்கே சேமிக்கப்படும், எப்போது அழிக்கப்படும், பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், அப்படிப் பெற்றாலும் சிகிச்சை நிற்காது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இந்த விஷயத்தில் நிறுவனத்தின் பக்கம்தான் நியாயம். ஆனால் மாதிரிப் படிவம் ஒன்றை முதலிலேயே கொடுத்திருக்கலாமே! பெற்றோரை மறுபடி கூப்பிட்டு, மறுபடி விளக்கி, மறுபடி கையெழுத்து வாங்கி... அதில் ஒரு குடும்பம் பின்வாங்கிவிட்டது. அது அவர்கள் உரிமை.

வீடியோ எடுப்பதிலும் சில நுணுக்கங்கள் உண்டு. கேமராவை அறை மூலையில், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, அகலமான கோணத்தில் வையுங்கள். குழந்தையின் முகமும் நம் முகமும் கைகளும் தெரிய வேண்டும். ஊஞ்சல் மேலே போகும்போது குழந்தையின் தலை சட்டகத்துக்கு வெளியே போகக் கூடாது. வேறு குழந்தை நொடி நேரம் குறுக்கே ஓடினாலும் அந்தப் பதிவை அனுப்ப முடியாது. ஆகவே அறைக் கதவைச் சாத்தி, வெளியே ஒரு தாளை ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது அறை. எங்கள் கிளினிக்கில் கூரையில் ஒரே ஒரு கொக்கிதான் இருந்தது. ஏயர்ஸ் முறையில் உண்மையாகவே சிகிச்சை நடக்கிறதா என்று பார்க்க 2011-ல் வெளியான ஒரு ஃபிடெலிட்டி அளவுகோல் இருக்கிறது. அதில் இடம், உபகரணம், தெரபிஸ்ட்டின் பயிற்சி போன்ற அமைப்பு சார்ந்த அம்சங்கள் ஒரு பக்கம், செஷன் நடக்கும் விதத்தைப் பற்றிய பத்து அம்சங்கள் இன்னொரு பக்கம். தொங்கவிடும் உபகரணங்களுக்குக் குறைந்தது மூன்று கொக்கிகள் வேண்டும் என்கிறது அது. எவ்வளவோ காலமாகக் கேட்டுக் கிடைக்காத கொக்கிகள், அந்தப் பக்கத்தை அச்செடுத்து நிர்வாகத்தின் மேஜையில் வைத்ததும் கிடைத்துவிட்டன. பொறியாளர் வந்து கூரையின் பளு தாங்கும் திறனைப் பார்த்துச் சான்று கொடுத்த பிறகே மாட்டினோம். கயிறு முறுக்கிக்கொள்ளாமல் சுழல்வதற்கான சுவிவலும் கீழே தடிமனான பாயும் வந்தன. இந்தப் பயிற்சியில் எனக்குக் கிடைத்த முதல் வெற்றி இதுதான்.

இனி எல்லா அலைச்சலையும் ஈடுகட்டிய விஷயத்துக்கு வருகிறேன். சிகிச்சைக்கு வந்திருந்த ஒரு சிறுவன், பள்ளி வயது. முந்தைய இடத்திலிருந்து வந்த அறிக்கையில் 'ஒலிக்கு மிகை உணர்திறன்' என்று இருந்தது. ஜிம் அறைக்குள் வந்தாலே இரண்டு காதையும் பொத்திக்கொள்வான். வீட்டில் தலைக்குக் குளிப்பாட்டுவது பெரும் போராட்டம் என்றார் அம்மா. தண்ணீர் தலையில் படுவது பிடிக்கவில்லை, தொடு உணர்ச்சி பிரச்சினை என்று அவர்களுக்கு முன்பு சொல்லியிருந்தார்கள்.

வீடியோவைப் பார்த்த மென்டர் மேடம், "சத்தத்தை ஆஃப் பண்ணிட்டு முதல்ல இருந்து ஓட்டுங்க" என்றார். ஓட்டினேன். "எப்பெல்லாம் கை காதுக்குப் போகுதுன்னு மட்டும் எழுதுங்க, ஏன்னு எழுதாதீங்க." எழுதினேன். பிளாட்பார்ம் ஊஞ்சலில் உட்காரும்போது பாதம் பாயை விட்டு எழும்பிய நொடியில் கை காதுக்குப் போகிறது. போல்ஸ்டரில் (உருளை வடிவ மெத்தையில்) ஏறும்போது போகிறது. பந்தின் மேல் மல்லாக்கச் சாய்த்ததும் போகிறது, கூடவே கால் விரல்கள் சுருண்டு, தாடை இறுகுகிறது. பக்கத்து அறையில் யாரோ நாற்காலியை இழுத்த சத்தம் கேட்ட இடத்தை ஒலியோடு போட்டுப் பார்த்தோம். அந்த நேரத்தில் அவன் தரையில் உட்கார்ந்து பொம்மைக் காரை உருட்டிக்கொண்டிருந்தான். தலையைக்கூடத் தூக்கவில்லை.

காதைப் பொத்தியது சத்தத்துக்காக அல்ல, பயத்துக்காக. பாதம் தரையை விட்டு விலகும்போதும் தலை பின்னால் சாயும்போதும் வரும் பயம், ஏயர்ஸ் சொன்ன ஈர்ப்புப் பாதுகாப்பின்மை. அப்படிப் பார்த்ததும் தலைக்குளியல் வேறு மாதிரி தெரிந்தது. தலையைப் பின்னால் சாய்த்துத்தானே அலசுகிறார்கள்! அந்த அம்மாவை அழைத்து, தலையை முன்னால் குனிந்தபடி அலசும்போது எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "அப்ப அவ்வளவா கத்த மாட்டான், நானே கவனிக்கல" என்றார்.

அதன் பிறகு செஷனின் போக்கே மாறியது. ஊஞ்சலைத் தாழ்த்தி, அவன் பாதம் பாயில் பதியும்படி வைத்தோம். ஆட்டுவது அவனே. முன்னும் பின்னும் நேர்கோட்டில், எவ்வளவு தூரம் என்பது அவன் விருப்பம். இடையிடையே தள்ளுவது, இழுப்பது, கிராஷ் பேடில் (தடித்த மெத்தையில்) விழுவது என்று மூட்டுகளுக்கும் தசைகளுக்கும் வேலை. சுழற்சியைத் தொடவே இல்லை. சுழற்சியின் விளைவு செஷன் முடிந்த பிறகும் தொடரலாம் என்பதால், உதட்டைச் சுற்றி வெளுப்பது, வியர்ப்பது, தொடர்ந்து கொட்டாவி விடுவது ஆகியவற்றைப் பார்த்ததும் நிறுத்த வேண்டும் என்று மேடம் திரும்பத் திரும்பச் சொன்னார். சாயங்காலம் குழந்தை எப்படி இருந்தது என்று பெற்றோரிடம் கேட்பதை அன்றிலிருந்து நான் விட்டதே இல்லை.

இலக்கை அளக்கும் முறையும் அவரிடம் கற்றதுதான். 'உணர்வுச் சீரமைப்பு மேம்படும்' என்றெல்லாம் எழுதினால் திருப்பிவிடுவார். கோல் அட்டெயின்மென்ட் ஸ்கேலில், கழித்தல் இரண்டிலிருந்து கூட்டல் இரண்டு வரை, ஒவ்வொரு படியிலும் வீட்டில் கண்ணால் பார்க்கக்கூடியது இருக்க வேண்டும். இந்தச் சிறுவனுக்குத் தலைக்குளியலையே வைத்தோம். அழாமல் தலையைச் சாய்த்து அலசவிடுவது பூஜ்ஜியம், அதுதான் எதிர்பார்க்கும் நிலை. பயிற்சி முடியும் முன் அங்கே வந்துவிட்டான். அம்மா போனில் அதைச் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நல்ல மென்டர் ஆதாரத்தின் இரு பக்கத்தையும் படிக்க வைப்பார். ஆட்டிசம் உள்ள 32 குழந்தைகளை வைத்து 2014-ல் வெளியான ஆய்வில், இந்தச் சிகிச்சை பெற்றவர்கள் தங்களுக்கென வகுத்த இலக்குகளில் கூடுதலாக முன்னேறினார்கள். 2022-ல் பிரிட்டனில் வெளியான பெரிய ஆய்வோ, வழக்கமான கவனிப்பைவிட இதில் கூடுதல் பலன் தெரியவில்லை என்றது. இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து, யாரைச் சேர்த்தார்கள், எதை அளந்தார்கள் என்று ஒரு முழு அமர்வும் பேசினோம். சென்சரி ப்ராசஸிங் குறைபாட்டைத் தனி நோயாக டி.எஸ்.எம்.-5 (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடு) சேர்க்கவில்லை என்பதையும், அதைத் தனி நோயறிதலாகக் கொடுப்பது பொதுவாக வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2012-ல் சொன்னதையும் பெற்றோரிடம் மறைக்கக் கூடாது. ஊஞ்சலில் ஆட்டினால் எல்லாம் சரியாகும் என்று சொல்லித்தரும் இடம் என்றால் தயங்காமல் விலகிவிடுங்கள்.

எல்லாம் முடிந்து கோப்பை அனுப்பிய பிறகு கடைசித் தடங்கல். மென்டரின் கருத்துப் படிவங்கள் பழைய வடிவத்தில் இருக்கின்றன, புதிய வடிவத்தில் அவருடைய பதிவு எண்ணுக்கு ஒரு கட்டம் உண்டு, அது இல்லாமல் "சிஸ்டத்துல ஏறாதுங்க" என்றார் அலுவலக ஊழியர். படிவத்தை நடுவில் மாற்றியது அவர்கள். எங்களுக்குச் சொல்லவே இல்லை. மேடமோ அப்போது நீண்ட விடுப்பில். அந்த ஊழியரிடம் எத்தனை முறை கேட்டாலும் அதே பதில், அதே குரல்.

காப்பாற்றியது ஒரு சின்னப் பழக்கம். ஒவ்வொரு அமர்வு முடிந்ததும் அன்றே மேடத்துக்கு மின்னஞ்சலில் சுருக்கம் அனுப்பி, அவர் 'சரி' என்று பதில் போட்டதை எல்லாம் ஒரே ஃபோல்டரில் வைத்திருந்தேன். ஒவ்வொரு பதிலின் அடியிலும் அவர் பெயரோடு பதிவு எண்ணும் இருந்தது. முழுவதையும் தேதி வாரியாக அச்செடுத்து, பயிற்சிப் பொறுப்பாளருக்கு நேரடியாக அனுப்பினேன். படிவம் மாறிய தேதிக்கு முன்பே என் பயிற்சி தொடங்கிவிட்டதையும் சுட்டிக்காட்டினேன். அவர் பார்த்த அன்றே ஏற்றுக்கொண்டார். நீங்களும் இதைச் செய்யுங்கள். படிவத்தில் கையெழுத்தையும் அமர்வு முடிந்த அன்றே வாங்குங்கள், கடைசியில் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்று விடவே விடாதீர்கள்.

முதல் மையத்திடம் பணத்தைத் திருப்பிக் கேட்டு, அறிவிப்பின் நகலையும் 'பார்வையாளர்' என்று திருத்திய லாக்புக் பக்கத்தையும் இணைத்துப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. அங்கே படித்து இதே கதிக்கு ஆளானவர்கள் தங்கள் லாக்புக் பக்கத்தையும் கட்டண ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள். சேர்ந்து கேட்டால் பலன் இருக்கும்.